அதிர்வு எங்கே போகிறது?

பந்தயக் காரில் அசையவே கூடாத பாகம் ஒன்று உண்டு. அசையாவிட்டால் கழற்றித் தூக்கிப் போட வேண்டிய பாகமும் உண்டு. முதலாவது சேஸிஸ், இரண்டாவது சஸ்பென்ஷன். இரண்டுக்கும் நடுவே ஒரு போல்ட்தான். அதற்கு இந்தப் பக்கம் முழுப் பிடிவாதம், அந்தப் பக்கம் முழு இணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் குழாய்ச் சட்டம் வெல்டிங் செய்வதும் டேம்பர் பிரித்து மாட்டுவதுமாக என் பிழைப்பு ஓடுகிறது. சமநிலை பற்றிச் சமய நூல்கள் சொல்வதையெல்லாம் நான் அந்த போல்ட்டின் அருகில் நின்றுதான் யோசிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுல்லைவாயிலில் ஒரு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவேன். பாடம் நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு நாள் இருவினையொப்பு பாடம். நல்வினையின் பயனும் தீவினையின் பயனும் வரும்போது ஒன்றை விரும்பி மற்றதை வெறுக்காமல், இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிற பக்குவம் அது. அந்தப் பக்குவம் வந்த உயிரில்தான் அருள் பதியும் என்பது சித்தாந்தம். "இன்பம் வந்தாலும் துன்பம் வந்தாலும் அசையாம இருக்கணும்மா, மலை மாதிரி. அதுதான் ஞானியோட லட்சணம்" என்று முடித்தார்.

"ஐயா, மலை இருந்த இடத்துலயே இருக்கலாம். நாம ரோட்டுல ஓட வேண்டியிருக்கே?" என்றேன்.

சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே சொல்லுங்கம்மா, அசையறவன் எப்படி ஞானியாவான்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

சேஸிஸிலிருந்து தொடங்கலாம். ஒரு சட்டத்தின் விறைப்பை அளக்க, அதன் பின்பக்கத்தை மேடையோடு இறுக்கிவிட்டு, முன்பக்கத்தில் குறுக்காக ஒரு நீண்ட கம்பத்தை மாட்டி, அதன் ஒரு முனையில் எடைக்கற்களைத் தொங்கவிடுவோம். சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு என்று டயல் கேஜ் சொல்லும். ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் வேண்டும் என்பதுதான் அதன் மதிப்பெண். இன்றைய நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களில் அது 20,000, 30,000 என்று போகும்.

இவ்வளவு விறைப்பு எதற்கு? விபத்தில் நசுங்காமல் இருக்க என்று பலர் நினைப்பார்கள். முதல் காரணம் வேறு. சட்டம் முறுக்கிக்கொண்டால் சட்டமே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். கணக்கில் வராத ஸ்பிரிங், அடக்க ஆளில்லாத ஸ்பிரிங். வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரை ஒரு படி இறுக்கினால் வளைவில் கார் வேறு மாதிரி திரும்ப வேண்டும். சட்டம் தளர்வாக இருந்தால் எத்தனை படி இறுக்கினாலும் டிரைவர் திரும்பி வந்து, "எந்த வித்தியாசமும் தெரியலைக்கா" என்பான். நாம் செய்த மாற்றம் சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் சட்டத்தின் முறுக்கலிலேயே கரைந்து போயிருக்கும். மனிதர்களிலும் இந்த வகை உண்டு. எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள், எதுவும் அவர்களை மாற்றாது. உள்ளே உறுதி இல்லாத இடத்தில் உபதேசம் ஏறாது.

சென்னையின் இந்தப் பக்கத்துக்குக் குழாயும் பந்தயமும் பழக்கமானவை. ஆவடியில் 1955-லேயே டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற குழாய் நிறுவனம் தொடங்கப்பட்டுவிட்டது. வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் கார் பந்தயம் நடந்தது. பிறகு அது பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அந்தத் தளம் ஒரு சுற்றுக்கு 3.717 கிலோமீட்டர். கோயம்புத்தூர் கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். பெரிய பணமில்லாத பையன்களும் பந்தயம் ஓட்ட முடியும் என்ற நிலை அதனால் வந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் இங்கே அந்த வகைக் காரில்தான் ஓட்டத் தொடங்கினார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவையில் இருக்கும் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்.

குழாய்ச் சட்டம் கட்டுவதில் விதி ஒன்றுதான்: எந்தக் குழாயையும் வளைக்கிற மாதிரி பாரம் வரக்கூடாது, அதன் நீளவாக்கில் இழுக்கவோ அழுத்தவோ மட்டும் வேண்டும். அதனால் எல்லாமே முக்கோணங்கள். சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கை வந்து மாட்டும் இடம் குழாய்கள் கூடும் கணுவாக இருக்க வேண்டும். குழாயின் நடுவில் மாட்டினால், எவ்வளவு தடித்த குழாய் போட்டாலும் வளையும். விறைப்பு வருவது இரும்பின் கனத்தால் என்பதைவிட, பாரம் வரும் இடம் தெரிந்து கட்டியதால் என்பதே சரி. 1962-ல் லோட்டஸ் நிறுவனத்தின் கொலின் சாப்மன் தன் லோட்டஸ் 25 காரில் குழாய்களையே விட்டுவிட்டு, அலுமினியத் தகடுகளால் தொட்டி மாதிரி ஓர் உடலைச் செய்தார். எடை குறைந்தது, விறைப்பு கூடியது. சட்டம் அவ்வளவு விறைத்த பிறகு ஸ்பிரிங்கை மென்மையாக வைக்கத் துணிவு வந்தது. எனக்கு முக்கியமானது இந்தக் கடைசி விஷயம். மென்மையாக இருக்க முடிவது உறுதி இருப்பதால்தான்.

மிதமாக இரு என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. நடந்து நடந்து பாதத்தில் ரத்தம் வருமளவு கடுந்தவம் செய்த சோணன் என்ற பிக்குவிடம் புத்தர் வீணைத் தந்தியைப் பற்றிக் கேட்ட கதை பலருக்குத் தெரியும். அதிகம் முறுக்கினாலும் இசை இல்லை, தளர்த்தினாலும் இசை இல்லை. ஒரே தந்திக்கு, ஒருவன் செய்யும் முயற்சிக்கு, அது முற்றிலும் சரி. ஆனால் அதைக் குணம் முழுவதற்கும் விரித்து, எல்லாவற்றிலும் நடுவாக இரு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு கார் கட்டினால் சட்டமும் நடுத்தர விறைப்பு, ஸ்பிரிங்கும் நடுத்தர விறைப்பு. அதைவிட மோசமான கார் இருக்க முடியாது. சட்டம் முழுக்க விறைக்க வேண்டும், சக்கரம் முழுக்க இணங்க வேண்டும். எது எங்கே என்று பிரித்து வைப்பதில்தான் சமநிலை இருக்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அப்பர். பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணியாதவர். நீற்றறையில் போட்டார்கள், கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள், அவர் மாறவில்லை என்கிறது பெரியபுராணம். அதே மனிதர் கோயில் கோயிலாகப் போய், கையில் உழவாரப்படையோடு புல் செதுக்குகிறார். எந்தச் சன்னதியிலும் கண்ணீர் பெருக நிற்கிறார். மன்னனிடம் விறைத்ததும் இறைவனிடம் உருகியதும் ஒரே ஆள். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் அரசனிடம் கொஞ்சம் பணிந்து, கோயிலில் கொஞ்சம் அழுகிற ஒருவர் கிடைப்பார். அப்படிப்பட்டவர்கள் அக்காலத்திலும் நிறைய இருந்திருப்பார்கள். யாரும் அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இனி போல்ட்டுக்கு அந்தப் பக்கம். சஸ்பென்ஷனின் வேலை பயணிக்குச் சுகம் தருவது என்று நாம் நினைப்பது பஸ்ஸில் போய்ப் பழகியதால். பந்தயக் காரில் அதன் வேலை டயரைத் தரையோடு வைத்திருப்பது. பிரேக், ஸ்டீயரிங், எஞ்சின் எல்லாம் உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் திட்டுகள் வழியாகத்தான் சாலையோடு பேசுகின்றன. டயர் ஒரு கணம் காற்றில் தொங்கினால் அந்தக் கணத்தில் டிரைவர் யாருமில்லை. ஆகவே சாலை ஏறினால் சக்கரம் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். ஆவடியில் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியிலும் இதே கதைதான். அதன் சக்கரங்களுக்கு நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் சேர்ந்த சஸ்பென்ஷன். காட்டு வழியில் ஓடும்போதே குறி வைக்க வேண்டுமென்றால், மேலே பீரங்கி நிலைத்திருக்க, கீழே சக்கரங்கள் தாராளமாக ஏறி இறங்கியாக வேண்டும். கீழே அசைவைத் தடுத்தால் மேலே நிலை போய்விடும்.

இந்த அசைவில் இருவர் பங்கு இருக்கிறது. ஒன்று ஸ்பிரிங். அதற்கு ஞாபகம் அதிகம். வாங்கியதை அப்படியே வைத்திருந்து அப்படியே திருப்பிக் கொடுக்கும். தனியாக விட்டால் ஒரு பள்ளத்துக்கு ஒன்பது முறை குதிக்கும். ஷாக் அப்சார்பர் போன ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று டேம்பர். ஒரு குழலுக்குள் எண்ணெய், அதில் சின்னச் சின்னத் துளைகளும் மெல்லிய எஃகு வட்டத் தகடுகளும் கொண்ட ஒரு பிஸ்டன். பிஸ்டன் நகர்ந்தால் எண்ணெய் துளை வழியே பிதுங்கிப் போக வேண்டும். வாங்கியதை டேம்பர் திருப்பித் தராது. இன்னொரு சிறப்பு: எவ்வளவு தூரம் நகர்ந்தாய் என்று அது கேட்பதில்லை, எவ்வளவு வேகமாக என்று மட்டும் கேட்கும். மெதுவாக வருவதை விட்டுவிடும், அவசரத்தைத்தான் எதிர்க்கும். கோபத்தை ஆறப்போடச் சொல்கிற பெரியவர்கள் இந்தச் சாதனத்தைப் பார்த்தால் மகிழ்ந்து போவார்கள்.

அப்படியானால் டேம்பரை முழுக்க இறுக்கிவிடலாமே? கல்லூரிப் போட்டிகளுக்குக் கார் கட்டும் மாணவர்கள் வரும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, எல்லா க்ளிக்கையும் ஃபுல் டைட் வெச்சிடலாமா?" துள்ளல் அறவே இல்லாமல், சீக்கிரமாகத் தன் இடத்துக்குத் திரும்புகிற அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. அதை ஒன்று என்று வைத்தால், குடும்பக் கார்களில் அதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்றுதான் வைப்பார்கள். பந்தயக் காரில்கூட மூன்றில் இரண்டு பங்கு அளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஒன்றைத் தொட யாரும் ஆசைப்படுவதில்லை. அதிகம் அடக்கினால் சக்கரம் சாலையைத் தொடர முடியாமல் பின்தங்கும். அதைவிட மோசம், வரிசையாக மேடுகள் வரும்போது நடப்பது. முதல் மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுக்கத் திரும்புவதற்குள் இரண்டாவது வரும். அதிலிருந்து திரும்புவதற்குள் மூன்றாவது. கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஆட்டமே இல்லாமல் அமைதியாகப் போவது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு துயரத்தையும் விழுங்கிவிட்டு, திரும்பி நிமிர்வதற்குள் அடுத்ததையும் விழுங்குகிறவர்கள் ஒரு நாள் சின்ன விஷயத்துக்கு உடைந்து போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அழ வேண்டிய நேரத்தில் அழுதுவிட்டு எழுவதும் சாதனைதான் என்பேன்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். டேம்பர் வாங்கிய அதிர்வு எங்கே போகிறது? மறைவதில்லை, வெப்பமாகிறது. சில சுற்றுகள் ஓடிவிட்டு வந்த காரின் டேம்பரைத் தொட்டால் கை சுடும். எண்ணெய் சூடேறி இளகும், பிடி குறையும், நுரைக்கும். நுரைக்காமலிருக்க நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து வைக்கிறோம், காற்று படும்படி மாட்டுகிறோம். மன்னிப்பதற்கும் பொறுப்பதற்கும் செலவு உண்டு என்று இயற்பியல் ஒளிக்காமல் சொல்கிறது. சமயப் பிரசங்கங்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகின்றன.

சஸ்பென்ஷனே வேண்டாம், கல் மாதிரி வைக்கிறேன் என்றால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஃபார்முலா ஒன் கார்கள் தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே காற்றை ஓடவிட்டு, தரையோடு உறிஞ்சிக்கொண்டு ஓடின. உயரம் சற்றும் மாறக்கூடாது என்பதால் ஸ்பிரிங்குகள் கிட்டத்தட்ட அசைவற்றவை. ஓட்டியவர்கள் வதைபட்டார்கள். 1983-ல் தட்டையான அடிப்பகுதி கட்டாயமானது. 2022-ல் அதே யோசனை புதிய விதிகளோடு திரும்பி வந்தது, துள்ளலும் கூடவே வந்தது. அந்த ஜூனில் பாகுவில் பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து சிரமப்பட்டு இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பிறகு செங்குத்துத் துள்ளலுக்கு, பந்தய விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. உச்சவரம்பு வைத்தது. கார் வாங்க மறுத்த அதிர்வை அவருடைய முதுகெலும்பு வாங்கியிருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு முதுகெலும்பு இருந்தது. அப்பா எதற்கும் அசையாதவர் என்று தெருவே சொல்லும். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை கதவடைப்பில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வேளை தவறாமல் பூஜை செய்தார், தேவாரம் படித்தார், ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை. "என்ன ஒரு பக்குவம்" என்று உறவினர்கள் வியந்தார்கள். மளிகைக்கடையில் கடன் சொல்லி நின்றது அம்மா. அடகுக்கடைக்குப் போனது அம்மா. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அவகாசம் கேட்கப் போனதும் அம்மா. ரத்த அழுத்த மாத்திரை அந்த வருடம்தான் வீட்டுக்குள் வந்தது. அப்பா போன பிறகு, ஒரு மாலையில் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள்: "உங்கப்பா ஒரு நாளாச்சும் கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்டி."

அப்பாவை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் உண்மையாகவே அமைதியாக இருந்தார், நடிக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் வருகிற அடியின் அளவு, ஒருவர் அமைதியாக இருப்பதால் குறைந்துவிடாது. அவர் வாங்காத பங்கு இன்னொருவரிடம் போகும். கீதை சொல்லும் ஆமை, உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு பத்திரமாக இருக்கலாம். அந்த ஓட்டின் மேல் யாரும் குடித்தனம் செய்வதில்லை.

பிறகு ஒரு வகுப்பில் ஐயாவிடம் இந்தக் கார் உவமையைச் சொன்னபோது அவர் ஒரு மறுப்பு வைத்தார். "காரை வடிவமைக்க நீங்க இருக்கீங்க. ஸ்பிரிங்கை மாத்தறீங்க, க்ளிக்கைத் திருப்பறீங்க. உயிருக்கு வினைதானேம்மா ஸ்பிரிங்? அதை அதுவே எப்படி மாத்திக்கும்? அதுக்குத்தானே அருள் வேணும்ங்கிறோம்?" அந்த இடத்தில் என் உவமை நின்றுவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். கார் தன்னைத் தானே பிரித்துப் பார்க்காது. வெளியிலிருந்து ஒரு கை வேண்டும் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கை தொடுவதற்கு முன் உயிர் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு.

அவருடைய கோயிலையே சாட்சிக்கு அழைத்தேன். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளால் வெட்ட, வெட்டு உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் பெருகியது. இன்றும் அந்த லிங்கம் வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருக்கிறது. சித்திரைச் சதயத்தில் மட்டும் காப்பைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். பிறகு அந்த மன்னனுக்குப் போரில் துணையாகப் புறப்பட்ட நந்தி இன்னும் வெளியே பார்த்தபடி இருக்கிறது. வெட்டினால் காயம் படாத ஒரு கல்லை வைத்துக் கும்பிட நம் முன்னோருக்கு யாரும் தடை சொல்லவில்லை. அவர்கள் காயம் பட்ட சாமியை வைத்துக்கொண்டார்கள். வெட்டியவனைத் தண்டிக்காமல் அவனுக்கே துணையனுப்பிய சாமியை. தன் மேல் விழுந்ததைத் தானே வாங்கி, அதன் சூட்டையும் தானே தாங்குகிற ஒன்றுக்கு வருடம் முழுவதும் குளிர்ச்சி சாத்துகிறோம். அசையாமை தெய்வ லட்சணம் என்றால் இந்தக் கதை இங்கே தங்கியிருக்காது.

இருவினையொப்பையும் இப்போது என் மொழியில் சொல்ல முடியும். புதிதாக வருகிறவர்கள் சஸ்பென்ஷன் என்றாலே மேட்டைத்தான் நினைப்பார்கள், மோதலைத் தாங்க வேண்டும் என்று. சாலை கீழே விலகும்போதும் அதே அளவு வேலை இருக்கிறது. வேகமாக ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டும்போது கார் லேசாகும், டிரைவருக்கு அது பிடிக்கும். டயர் மேல் பாரம் குறைந்து, பிடி போகிற இடமும் அதுதான். அடி விழும் கணத்தைவிடப் பறக்கிற மாதிரி தோன்றும் கணத்தில் கார்கள் தடம் விலகுவது உண்டு. புகழும் அப்படித்தான் செய்கிறது. ஆகவே ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பது என்றால் இரண்டையும் உணராமல் இருப்பது ஆகாது. ஏற்றத்தில் சக்கரம் மேலே போகட்டும், இறக்கத்தில் கீழே போகட்டும், இரண்டிலும் தரையை விடாமல் இருந்தால் சரி. ஒப்பு என்பதை நான் அந்தத் தொடர்பில் தேடுகிறேன்.

"அப்ப ஞானியை எப்படி அடையாளம் காண்றது?" என்று ஐயா கேட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டாம், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள் என்றேன். வெளியே எவ்வளவு அமைதியானவராக இருந்தாலும், அருகில் இருப்பவர்கள் சூடாகிக்கொண்டே இருந்தால் அந்த அமைதிக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். கோபப்படுகிறவராக, அழுகிறவராகக்கூட அவர் இருக்கலாம். அவரிடம் போன அதிர்வு அவரோடு முடிந்து, அடுத்தவரிடம் போகாமல் இருந்தால் அவரை நான் வணங்குவேன். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்ல கேட்டா ஒரு ஞானியும் தேறமாட்டாங்கம்மா" என்றார். அதனால்தான் இந்தச் சோதனையை நான் நம்புகிறேன்.